வெளுக்கும் மரம்

மேஜையை இரண்டாக அறுக்க வேண்டும் என்றாள் ஆர்லிஸ்.
கூட வந்த வெர்லின்
வண்டியை விட்டு இறங்கவில்லை.

எட்டடி நீளம். நான் செய்ததுதான்.
பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய தேதி
அடிப்பலகையில் பென்சிலில் இருக்கிறது இன்னும்.

கறுப்பு வால்நட்.
அயோவாவில், அவர்கள் சோள வயலின் வேலியோரம் நின்றது.
இடி விழுந்த ஆகஸ்டில் சாய்த்தோம்.
அறுத்த கணத்தில் வைரம் பச்சையோடிக் கிடந்தது,
காற்றுப் பட்டதும்
திட்டு வாங்கிய பிள்ளையின் முகம்போலக்
கறுத்துக்கொண்டது.
சுற்றிலும் வெளிறு, வெண்ணெய் நிறத்தில்.
நடுவில் ஓர் ஆணி.
எவனோ எப்போதோ கம்பி கட்ட அடித்தது.
அதைச் சுற்றி மரம் மூடி வளர்ந்திருந்தது.
இரும்பு கசிந்து
ஒரு சாண் தூரத்துக்கு மை கொட்டியதுபோல நீலம்.
அந்தத் துண்டை நான் வைத்துக்கொண்டேன்.

நல்ல மரம்.
இழைப்புளியோடு சண்டை போடாது.
காய்ந்தபின் மழைக்கொரு முகம்
வெயிலுக்கொரு முகம் காட்டாது.
துப்பாக்கி செய்பவர்கள் தேடி வருவது இதைத்தான்,
உதையை வாங்கிக்கொண்டு
தோளுக்குப் பாதிதான் சொல்லும்.

ஆனால் அதன் வேரருகே தக்காளி வைத்தால் வாடும்.
சீவலைக் குதிரைக்குப் படுக்கையாகப் போட்டால்
விடிவதற்குள் குளம்பு கொதிக்கும்.
தொழிலுக்கு வந்த முதல் வருடம்
தெரியாமல் நான்கு மூட்டை கொடுத்தேன்.
இன்ஹ்ராம் வீட்டுச் செம்பழுப்புக் குதிரை
ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கி
என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.
பிழைத்தது. அது வேறு விஷயம்.

இன்னொன்று, விற்கும்போது நான் சொல்லாதது:
செர்ரி வெயிலில் கறுக்கும், மேப்பிள் மஞ்சளாகும்,
இது மட்டும் தலைகீழ்.
வெளிச்சம் பட்டுப் பட்டு
வெளுத்துக்கொண்டே போகும்.

போர்வையை உருவினேன்.
தேன் நிறத்துக்கு வந்திருந்தது மேஜை,
ஜன்னல் பக்கம் அதற்கும் கீழே.
ஒரு முனையில் கருஞ்சதுரம்.
ரொட்டிப் பெட்டி, என்றாள்.
அதன் அருகே சின்ன வட்டம்.
மாத்திரை டப்பா, அவன் அம்மாவுடையது.
சரியாக நடுவில்
கையகலத்தில் நீளமாக ஒரு கறுப்பு.
அது எதுவென்று அவளுக்கே தெரியவில்லை.

எப்போது இறங்கி வந்தானோ,
என் பின்னாலிருந்து வெர்லின் சொன்னான்:
கிரிபேஜ் பலகை.

ஆட்டம் பாதியில் நின்றதாம்.
யார் முறை என்பதில் ஏதோ பேச்சு வந்து.
எடுத்து வைத்தால் தோற்றதாகிவிடும் என்று
இருவருமே எடுக்கவில்லை.
துடைக்கும்போது அதைச் சுற்றித் துடைத்திருக்கிறார்கள்.

மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டேன்.
கோடு அந்தக் கறுப்பின் குறுக்கே போனது.
தள்ளி அறுக்கலாம், அவள் பக்கம் இருக்கட்டும், என்றான்.
எனக்கெதற்கு, என்றாள்.
கொஞ்ச நேரம் தூசி உறிஞ்சும் இயந்திரம் மட்டும்
பேசிக்கொண்டிருந்தது.
பிறகு அவளே சொன்னாள்,
கோட்டின் மேலேயே அறு.

புளிப்பு வாசனை எழுந்தது,
அன்று எழுந்த அதே வாசனை.
வெட்டு வாயில் குனிந்து பார்த்தார்கள் இருவரும்.
மேலே ஒரு நகத்தின் கனத்துக்குத்தான் வெளுப்பு,
அதற்குக் கீழே
முதல் நாள் கறுப்பு.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.

இருப்பது நான்கு கால்.
இன்னும் நான்கு கடைய வேண்டும்.
அதே மரத்தின் மிச்சம் பரணில் இருக்கிறது,
இருட்டிலேயே கிடந்தது.
நிறம் சேராதே, என்றாள்.
தெற்கு ஜன்னல் என்றால் ஐந்தாறு கோடையில் சேரும், என்றேன்.
இருவரில் யாருக்குத் தெற்கு ஜன்னல் என்று
கேட்டுக்கொள்ளவில்லை அவர்கள்.

பணத்தைப் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள்.
வண்டி போனபின் தூளைக் கூட்டினேன்.
ஒன்றரை மூட்டை.
வழக்கம்போலக் கொட்டை எழுத்தில்
குதிரைக்கு ஆகாது என்று எழுதி
வாயைக் கட்டினேன்.